மதாம் எந்த வண்டியில் ஏறுவார்?

இன்று காலை கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, வாடகை ஸ்கூட்டருக்குப் பாட்டிலிலிருந்து பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பாதி தரையில் சிந்தியது. அந்த வாசனையோடு நீ வந்துவிட்டாய். உன் சட்டைக் கையில் எப்போதும் அது இருக்கும். நான் நின்று, இவர்கள் எந்த நாடு என்று ஊகிக்கத் தொடங்கினேன். பந்தயம் கட்டத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

பிரெஞ்சு ஆட்சி கைமாறியபோது, ஊர் திரும்பிய ஓர் அதிகாரியின் பழைய காரை வாங்கி நீ வாடகைக்கு ஓட்டத் தொடங்கினாய். நான் மதராஸ் பத்திரிகை ஒன்றுக்குப் புதுவைச் செய்தியாளன். விழுப்புரத்திலிருந்து வரும் மாலை ரயில் உனக்குச் சவாரி, எனக்குச் செய்தி. நிலையத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இறங்கும் வெளிநாட்டார் எதில் ஏறுவார்கள் என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவன் டீ வாங்க வேண்டும்.

அமெரிக்கர்கள் விசாரிக்காமல் உன் காருக்கு வருவார்கள். ஜெர்மானியர்கள் வாடகை சைக்கிள் எங்கே கிடைக்கும் என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குப் புஷ்புஷ். பின்னால் ஒருவர் தள்ள, உட்கார்ந்திருப்பவரே முன்னாலுள்ள கம்பியைப் பிடித்துத் திருப்ப வேண்டிய வண்டி அது. ஏறியதும் அவர்கள் கை தானாகக் கம்பிக்குப் போகும். ஒருமுறை ஓர் ஆங்கிலேயர் வந்தார். குதிரை வண்டி என்றாய் நீ, புஷ்புஷ் என்றேன் நான். அவர் புஷ்புஷ்ஷில் ஏறி, இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். "தொரே, கம்பியப் புடிங்க, கம்பி" என்று தள்ளுகிறவர் கத்தக் கத்த, வண்டி நேராகச் சாக்கடைக்குப் போனது.

"பாதி வழிதானே போச்சு. பாதி டீ போதும்" என்றாய்.

"ஏறுனாரா இல்லியா? முழு டீயா சொல்லுப்பா."

1962-ல் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பிரான்சோடு செய்த இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாக இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த உன் மைத்துனர், குடும்பத்தோடு பிரான்சுக்குக் கிளம்பி வரச்சொல்லிக்கொண்டே இருந்தார். உன் மனைவிக்குப் பிறந்த வீட்டில் மிச்சமிருந்தது அந்த அண்ணன் ஒருவர்தான். உங்கள் ரெட்டியார்பாளையத்து வீட்டில் எனக்குச் சோறு போடும்போதெல்லாம், "நீங்களாச்சும் கேளுங்கண்ணே, இவரு வாயே தொறக்க மாட்றாரு" என்பார். நீ தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாய்.

அந்த மழைக்காலத்தில் ஒரு மாலை, கையில் ஒற்றைப் பெட்டியோடு ஒரு வயதான பிரெஞ்சு மதாம் இறங்கினார். நான் புஷ்புஷ் என்றேன். நீ கார் என்றாய். அவர் இரண்டையும் கடந்து நடந்தார். நீ ஓடிப்போய் ஏதோ கேட்டாய். பெட்டியை வாங்கிக்கொண்டு, காரை அங்கேயே விட்டு அவரோடு நடந்தாய். திரும்பி வந்தபோது, வாங்கி வைத்த டீ ஆறிப்போயிருந்தது.

"இங்கியே பொறந்தவங்களாம்பா" என்றாய். "கார்ல வாங்க மதாம்னேன். ஏறுனா எந்த வீடுன்னு கேப்பியே, நான் இன்னா சொல்றதுன்னாங்க. வீட்ட வித்துட்டுப் போனவங்க. அந்த வூட்டுக்கு எதிர்ல கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்பறம் ஓட்டல்ல கொண்டுபோய் வுட்டேன். அங்க இருக்கறவன், எந்த ஊரு, எத்தினி நாள் தங்கப் போறீங்கன்னு கேக்கறான்."

"கேக்கறது அவன் வேலடா."

"வேலதான். நாளைக்கி நான் போயிட்டு வந்து எறங்குனா எங்கிட்டயும் கேப்பான். நீ இந்த பெஞ்சில குந்திக்கினு, இவன் எதுல ஏறுவான்னு டீக்குப் பந்தயம் கட்டுவ."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

கெடு முடிந்தது. நீ எழுதிக் கொடுக்கவில்லை. உன் மனைவி கேட்டதற்கு, "புடிக்கல" என்பதோடு நிறுத்திக்கொண்டாய். மைத்துனர் அங்கேயே காலமானார். உன் மனைவி அவரைக் கடைசிவரை பார்க்கவில்லை. உங்களுக்குள் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அண்ணன் பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை.

எந்த நாட்டார் எந்த வண்டியை விரும்புகிறார்கள் என்று எழுதச் சொல்லி ஆசிரியர்கள் பின்னாளில் பலமுறை கேட்டார்கள். எழுதினேன். ஒவ்வொரு முறையும் அந்த மதாமை எந்த நாட்டில் சேர்ப்பது என்று தெரியாமல், அவரை விட்டுவிட்டே எழுதினேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, வந்தவர்கள் கிளம்பிய பிறகு உன் மனைவி என்னிடம் வந்தார். "அண்ணே, அவரு அப்ப ஏன் எழுதிக் குடுக்கல? ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

மதாம் நடந்து போனதிலிருந்து நீ பெஞ்சில் சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"கார வுட்டு வர மனசில்லன்னுதான் இத்தினி வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். "இத எங்கிட்ட சொல்லியிருந்தா, நானே வேணாம்னிருப்பனே."

இது உன்னிடம் சேர வேண்டிய வார்த்தை. என்னிடமே தங்கிவிட்டது.