மூன்று கட்டடங்களுக்கும் ஒரே சாம்

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு, நீங்கள் வேலை செய்த பாய்ப்படகுக் கிளப் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. முதல் கட்டடம் துறைமுகத்துக்குள் ஒரு பலகைக் கொட்டகை. துறைமுகத்தைப் பெருப்பித்தபோது அதை உடைத்து இரண்டாவதைக் கட்டினார்கள். அந்த இடத்தையும் துறைமுகம் கேட்டது. இப்போது மூன்றாவது, கண்ணாடிச் சுவர்களோடு. எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது.

உங்களுக்கும் ஒரு படம். படகின் ஈரப் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிறீர்கள். கீழே, “மூன்று கட்டடங்களிலும் எங்களோடிருந்த சாம்” என்று எழுதியிருக்கிறது.

கொட்டகைக் காலத்தில் படகு இறக்கியவர் சாமுவேல். துரைமார் சாம் என்றார்கள். அவர் செத்த பிறகு வந்தவரும் சாம்தான். இன்னொரு பெயரைப் பழக அவர்களுக்குச் சோம்பல். அவருக்குப் பின் நீங்கள். புத்தகத்தை நம்பினால் உங்களுக்கு நூறு வயதுக்கு மேல், அப்பா. சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வருகின்றன.

அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “மூஞ்சி இவர்ட தான் புள்ள. பேர் யார்ட?” என்றார். நான் புத்தகத்தை வாங்கி மூடி வைத்தேன்.

ஏனென்றால் புத்தகம் அச்சுக்குப் போகுமுன் கிளப் கிளார்க் போன் எடுத்திருந்தார்.

“சாம் ஐயாட வீடுதானே?”

“ஓம்.”

“படத்துக்குக் கீழ சாம் எண்டு போட்டாச் சரிதானே மிஸ்?”

“ஓம், போடுங்க.”

கிளப்பிலிருந்து போன் வந்தால் சின்ன வயதிலிருந்து அப்படித்தானே சொல்வோம்? அவர்கள் கேட்டார்கள். உங்கள் பெயரை அழித்தது நான்.

திருத்தச் சொல்லி நேரில் போனேன். “அச்சடிச்சாச்சு மிஸ். சவரிமுத்து எண்டா மெம்பர்மாருக்கு விளங்காது” என்றார் கிளார்க், தன்மையாகத்தான்.

ஒரு நாளாவது ‘நான் சாம் இல்லை’ என்று சொல்லிப் பார்த்தீர்களா அப்பா? மன்னிப்புக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

வெளியே வரும்போது மாடியிலிருந்து யாரோ “சாம்” என்று கூப்பிட்டார்கள். படகு கழுவிக்கொண்டிருந்த நரைத்த மனிதர் ஒருவர் நிமிர்ந்தார்.

“உங்கட சொந்தப் பேர் என்ன?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். “கணேசன்.”

இனி அந்த வழியாகப் போகும்போதெல்லாம், மாடிக்குக் கேட்கும்படி அவரைக் கணேசன் என்றே கூப்பிடுவேன்.

சவரிமுத்துவின் மகள்,
ரீட்டா