பேத்தியை யார் வளர்ப்பது என்று என்னைக் கேட்டார்கள்

கேமரன் மலை
18.11.1984

அன்பு மகன் அர்ஜுனனுக்கு அம்மா மணியம்மா எழுதுவது. விடாத மழையிலும் நானும் அப்பாவும் மாரியம்மன் புண்ணியத்தில் நலம், சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க அவளையே வேண்டிக்கொள்கிறேன்.

நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, நீ செய்த காரியத்தில் எனக்கு மண்டை காய்கிறது. போன செவ்வாய்க்கிழமை கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என்னைத் தோட்ட ஆபீஸ் கிராணி ஆள்விட்டுக் கூப்பிட்டார். வந்தால், நம் லயத்து வீட்டு வாசலில் வெல்ஃபேர் ஆபீஸ் அம்மா ஒருவர் நிற்கிறார். உனக்கும் நவமணிக்கும் விவாகரத்து வழக்கு நடப்பது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை சுகுணா உன்னிடம்தான் இருக்க வேண்டும், அவளை உன் அம்மா வளர்ப்பாள் என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறாயாமே, அது அந்த அம்மா சொல்லித்தான் தெரிகிறது. ஏண்டா, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? காலையில் மலை ஏறினால் மாலையில் இறங்குகிறவள் நான், உன் அப்பாவுக்கோ மூச்சு இழுப்பு. பிள்ளைக்கு உன் வக்கீலா வந்து சோறு ஊட்டுவார்? நவமணியும் லேசுப்பட்டவள் இல்லை. பிள்ளையோடு திரிங்காப் ஊருக்குக் காய்கறித் தோட்ட வேலைக்குப் போனதிலிருந்து, நான் பேத்தியைப் பார்க்கப் போனால் பிள்ளை தூங்குகிறாள் என்று வாசலிலேயே நிறுத்திவிடுவாள், உள்ளே பிள்ளை பாடுவது என் காதில் விழும். அந்த அம்மா என்னிடம், பிள்ளை யார்கிட்ட இருந்தா நல்லதுன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க என்றார். மகனை விட்டுக்கொடுத்துவிடாதே என்று அப்பா கண்ணைக் காட்டினார். நான் சொல்லிவிட்டேன், "பெத்தவகிட்டயே இருக்கட்டும்லா. என் மவன் நல்லவன்தான், ஆனா பிள்ளை வேணுங்கிறதைவிட அவ கையில இருக்கக் கூடாதுங்கிற வீம்புதான் அவனுக்குப் பெருசு. ஸ்கூல் லீவுக்கு அப்பன்கிட்ட அனுப்பணும், எங்களையும் பார்க்க விடணும், அதை மட்டும் எழுதிக்குங்க" என்று. அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை.

நான் சொன்னது நவமணி காதுக்கும் போயிருக்கிறது. நேற்று அவளே காய்கறி லோரியில் சுகுணாவோடு வந்து இறங்கினாள். என் முகத்தைப் பார்க்காமலே, "ராத்திரி இங்கயே படுக்கட்டும் அத்தை, நாளைக்கு வந்து கூட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அதே லோரியில் போய்விட்டாள். பிள்ளை என் மடியில் உட்கார்ந்து சொல்கிறாள், "அப்பா வந்தா நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கணும்னு அம்மா சொன்னாங்க பாட்டி. ஆனா நான் கொஞ்சமா எட்டிப் பார்த்துக்குவேன்." அதைக் கேட்டுவிட்டு உன் அப்பா, "பிடுங்கிட்டு வந்தா பிள்ளை பயந்துதான் போகும், நீ சொன்னதுதான் சரி" என்றார். இன்று நவமணி வரட்டும், அவளுக்கும் என்னிடம் திட்டு இருக்கிறது.

அம்மா உனக்கு எதிராகப் பேசிவிட்டாள் என்று கோபப்படுவாய், படு. ஜனவரியில் சுகுணாவுக்கு முதல் நாள் ஸ்கூல். அதற்காவது வந்து சேர், வந்ததும் சத்தம் போடாமல் தரையில் உட்கார், அவளே வெளியே வருவாள். இங்கே குளிர் அதிகம், கம்பளிச் சட்டை மறக்காதே. உன் மனம் ஆறி நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் மேல் கோபம் தீராத அம்மா,
மணியம்மா சின்னக்கருப்பன்