ஞாயிற்றுக்கிழமை போன் யாருக்கு

சுவா சூ காங், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் தாரணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், வீட்டில் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை, கால்கரிக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஜெய்யும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் சொன்னால் பாதியில் நானே வைத்துவிடுவேன், வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் இது. மாப்பிள்ளையின் சிநேகிதன் வெங்கட் புதன்கிழமை அங்கே கிளம்புகிறான், முறுக்கு டப்பாவோடு இதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். இப்போது இங்கே ஒன்பது மணி. உனக்கு அங்கே சனிக்கிழமை சாயங்காலம், நீ இந்நேரம் தெம்பனிஸுக்குப் போன் போட்டிருப்பாய். உன் மாமியார், உன் லீலா அத்தை, பாடப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து உன்னிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு இங்கே வயிறு பற்றி எரிகிறது. ஆமாம், பொறாமைதான், வேறு பெயர் வைத்து மூடி மறைக்க எனக்குத் தெரியாது.

நான் எதற்கு இந்த வயதில் யூனிவர்சிட்டிக்குப் போனேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். நீ படித்த காலத்தில் நம் வீட்டு ஹால் மேசை முழுக்கத் தாளாக இருக்கும், ஒவ்வொன்றிலும் நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம் டெபிட் அந்தப் பக்கம் கிரெடிட் என்று எழுதிக்கொண்டிருப்பாய், நான் மைலோ கலக்கி வந்து தாளில் படாமல் ஓரமாக வைத்துவிட்டுப் போவேன், அதோடு என் பங்கு முடிந்தது. இப்போது நீ பெரிய ஆடிட்டர். போன வருடம் நீங்கள் வந்திருந்தபோது நீயும் மாப்பிள்ளையும் சாப்பாட்டு மேசையில் ஏதோ கம்பெனியின் கணக்கைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசினீர்கள், நானும் கூடவே சிரித்தேன், எதற்கென்று தெரியாமல். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பட்டம் வாங்கி நான் எங்கே போகப்போகிறேன், நிதிக் கணக்கியல் அறிமுகம் என்று அந்த ஒரு பாடம் மட்டும் படித்தால் போதும், சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதைத் தாண்டி நாம் இரண்டு பேரும் பேச ஏதாவது இருக்கும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். சேர்ந்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். சிராங்கூன் ரோட்டில் ஒரு வளைகாப்புக்குப் போன இடத்தில் உன் அத்தையிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் அதிசயமாகக் கேட்டுக்கொண்டார். முதல் சனிக்கிழமை வகுப்புக்குள் நுழைந்தால், முன் வரிசையில் புது ஐபேட், புதுப் பை, புதுக் கண்ணாடி, உன் அத்தை. "வாங்க சம்பந்தி, உங்களுக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்லா" என்றார். நான் என்ன செய்ய, பல்லைக் காட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து இதே கதைதான். வகுப்பில் எல்லாரும் அவரை லீலா ஆன்ட்டி என்கிறார்கள், எனக்குப் பெயரே இல்லை, நான் லீலா ஆன்ட்டியின் ஃபிரெண்ட். லெக்சரர் அமீரா ஒரு கேள்வி கேட்டால் நான் மனத்துக்குள் கூட்டிக் கழித்து முடிப்பதற்குள் அவர் கை மேலே போய்விடும், சரியாகவும் சொல்லிவிடுவார், கேட்டால் "தாரணி சொல்லிக் குடுத்தா" என்பார். முதல் டெஸ்டில் என்னைவிட அவருக்கு மதிப்பெண் கூட. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கால்குலேட்டர் விஷயத்தை எப்படிப் பொறுப்பது? பின்பக்கம் உன் பெயரை ஒட்டிவைத்து, மூலையில் கொஞ்சம் உடைந்து, எல்லாப் பரீட்சைக்கும் நீ கொண்டு போனாயே அந்தக் கால்குலேட்டர். அதை எடுத்து நான் துடைத்து வைத்திருந்தேன், வகுப்புக்கும் அதைத்தான் கொண்டு போகலாமென்று. நீ போனில், "அம்மா, அலமாரியில என் பழைய கால்குலேட்டர் இருக்கும், அத்தைக்குக் குடுத்துடும்மா, அவங்களுக்கு யூஸ் ஆகும்" என்றாய். எனக்கு யூஸ் ஆகாதா தாரணி? நானும் அதே வகுப்பில்தானே உட்கார்ந்திருக்கிறேன்? பெண் வீட்டுக்காரி, மறுத்தால் நன்றாயிருக்காது என்று நானே பையில் போட்டுக் கொண்டுபோய் என் கையாலேயே கொடுத்தேன். கல்யாணச் சீர் இன்னும் பாக்கியிருந்தது போல என்று உன் அப்பா கிண்டல் செய்தார். அன்றைக்கு அவருக்குச் சாம்பாரில் உப்பு போடவில்லை.

இப்போது போன வாரத்து விஷயத்துக்கு வருகிறேன், நீ ஒரு பக்கம் மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொன்னாயே, அது. எங்களுக்கு ஒரு குரூப் அசைன்மென்ட். நான், உன் அத்தை, பூன் லேயிலிருந்து வரும் அருண்ராஜ் என்ற பையன், மூன்று பேர். அருண்ராஜ் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர், இப்போது சூப்பர்வைசர், மேலே போகப் படிக்கிறார். ஒரு சின்ன வியாபாரத்தைக் கற்பனை செய்து அதன் வருடக் கணக்கை முடித்துக் காட்ட வேண்டும். நாங்கள் தீபாவளிப் பலகாரக் கடை என்று வைத்துக்கொண்டோம். கணக்கு செப்டம்பர் கடைசியில் முடிகிறது, தீபாவளி அதற்கு அப்புறம் வருகிறது, ஆனால் ஆட்கள் முன்னாலேயே முறுக்குக்கும் அதிரசத்துக்கும் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். உன் அத்தை அந்த முன்பணத்தை அப்படியே வருமானத்தில் சேர்த்து எழுதினார். தப்பு. முறுக்கு, காசு கட்டியவர் கைக்குப் போய்ச் சேரும் வரை அது நம் வருமானம் கிடையாது, செய்து கொடுக்க வேண்டிய பொறுப்பு, அதனால் பொறுப்புகள் பக்கம்தான் வரவேண்டும். தேக்கா உணவுக் கடையில் அத்தனை சத்தத்துக்கு நடுவில் நான் இதைத்தான் சொன்னேன். "இல்ல சம்பந்தி, காசு கைக்கு வந்தாச்சே" என்றார். வந்தால் ஆச்சா என்று நான் கேட்டது கொஞ்சம் உரக்கத்தான் கேட்டுவிட்டது. அருண்ராஜ் தோசையைப் பார்த்துக்கொண்டு தலையை நிமிர்த்தவே இல்லை. உன் அத்தை முகம் சிறுத்துப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குப் போன் செய்தாய். பெயரைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து எடுத்தேன். நீ என்ன சொன்னாய்? "அத்தை மனசு கஷ்டப்படுறாங்கம்மா, கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போயேன்." அவ்வளவுதான். நான் சொன்ன பதில் சரியா தப்பா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நீ ஆடிட்டர், உன் ஆபீசில் இப்படி எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுவாயா? எனக்கு வந்த கோபத்தில் சரி வைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். நீ சொன்னபடியே விட்டுக் கொடுத்தேன். முன்பணத்தை வருமானத்திலேயே போடுங்கள் என்று அருண்ராஜுக்கு மெசேஜ் அனுப்பினேன், அவரும் பெரியவர்கள் சண்டையில் நமக்கென்ன என்று அப்படியே முதல் வரைவை அனுப்பிவிட்டார்.

நேற்று வகுப்பில் அமீரா அதைத் திருப்பிக் கொடுத்தார். வருமானத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம், பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. இறுதிக் கணக்கு கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது, திருத்திவிடலாம், அதனால் பயப்படாதே. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், உண்மையைச் சொன்னால் வந்தது, ஆனால் உன் அத்தை திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் அது நிற்கவில்லை. வகுப்பு முடிந்து என்னோடு ரயிலில் வந்தவர், லிட்டில் இந்தியா ஸ்டேஷனில், இறங்குங்க, தே குடிச்சிட்டுப் போலாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வெளியே தீபாவளிக்குத் தெருவில் போட்ட ஒளியூட்டு விளக்குகளைப் பார்க்க வந்த கூட்டம், நடக்க இடமில்லை. டீக்கடையில் உட்கார்ந்ததும், "உங்களுக்குத் தப்புன்னு தெரியும்ல, அப்புறம் ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். உங்கள் மருமகள் விட்டுக் கொடுக்கச் சொன்னாள் என்றேன். உங்கள் மருமகள் என்றுதான் சொன்னேன், என் மகள் என்று வாயில் வரவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எப்ப விட்டுக் குடுக்கச் சொன்னேன்? தாரணிகிட்ட, உங்கம்மா எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். எனக்குத் தெரியலன்னா நீங்க சொல்லக் கூடாதா? பொண்ணு வீடு பையன் வீடுன்னு கணக்குப் பாடத்துலயுமா பார்ப்பீங்க?" என்றார்.

அதற்கப்புறம் சொன்னார், அதைக் கேட்டபோதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நீ அவரோடு பேசுகிறாயே, அதில் பாடம் கொஞ்ச நேரம்தானாம். மிச்ச நேரமெல்லாம் அம்மா முட்டி வலி எப்படி, அம்மா வகுப்பில் கண் அசருகிறார்களா, மழையில் நனைந்துகொண்டு வருகிறார்களா, அம்மாவுக்குப் பாடம் புரிகிறதா என்று என்னைப் பற்றித்தான் கேட்கிறாயாம். "என் மகன் எனக்கு மாசத்துக்கு ஒரு தடவை பேசுறான், அதுவும் சாப்ட்டீங்களா, பைன்னு. உங்க பொண்ணு வாரா வாரம் என்கிட்ட உங்களைப் பத்திப் பேசுறா. யாருக்கு யார் மேல பொறாமை வரணும்னு நீங்களே சொல்லுங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழுந்து போய் அவருக்கு இன்னொரு தே வாங்கிக் கொடுத்தேன். ஜெய்யிடம் சொல், அம்மாவுக்கு வாரம் ஒரு முறையாவது பேசச் சொல்லி. நான் சொன்னதாகச் சொல்லாதே.

ஆனால் உன்னிடம் எனக்குக் கேட்க ஒன்று இருக்கிறது. என் முட்டியைப் பற்றி என்னிடம் கேட்டால் என்ன? என்னைப் பற்றி விசாரிக்க ஒருத்தர் நடுவில் எதற்கு? இதையே உன் அத்தையிடமும் கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். "நீங்கதான் எடுத்தவுடனே வச்சிடுறேன் வச்சிடுறேன்னு சொல்றீங்களாம், அம்மாகிட்ட எதையும் பேச முடியலைன்னு அவ வருத்தப்படுறா" என்றார். போன் கார்டு வாங்கித் தேய்த்து, நிமிடம் எண்ணி ஊருக்குப் பேசிய காலத்தில் வந்த பழக்கம், நீ வேலைக்கு நடுவில் இருப்பாய், நான் எதற்கு உன் நேரத்தைத் தின்ன வேண்டும் என்ற நினைப்பும் கூட. இதையெல்லாம் நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. அதற்கும் எரிகிறது.

உன் அப்பா இப்போது வந்து, சம்பந்தியோட போட்டி போடத்தான் ஃபீஸ் கட்டினியா என்று கேட்டுவிட்டுப் போகிறார், அவரும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். தலைக்கு எண்ணெய் வைக்காமல் விடாதே, அந்த ஊர்க் காற்றுக்கு முடி உதிரும். பனி விழுந்த ரோட்டில் மாப்பிள்ளையை வேகமாகக் காரோட்ட விடாதே. முறுக்கில் பாதி நான் சுட்டது, பாதி உன் அத்தை சுட்டது, வேண்டுமென்றே கலந்து வைத்திருக்கிறேன், எது நன்றாயிருந்தது என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிடாதே. கால்குலேட்டரை நேற்று அவர் திருப்பிக் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை, கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் நாளைக்கு அதையும் ஒரு பேச்சாக்குவார்கள். அடுத்த முறை வரும்போது எனக்கு ஒன்று வாங்கி வா, பின்னால் உன் பெயரை நீயே எழுதி ஒட்டு.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், மனம் ஒத்து, நினைத்ததெல்லாம் கைகூடி நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. வருகிற ஞாயிறு ஒன்பது மணிக்கு முதலில் எனக்குப் போன் செய், அப்புறம் அத்தைக்குச் செய்துகொள். ஒரு சந்தேகம் வைத்திருக்கிறேன். லாபத்தில் கழித்த தேய்மானத்தை ரொக்க ஓட்டக் கணக்கில் ஏன் திரும்பக் கூட்டுகிறார்கள்? உன் அத்தை நேற்றே சொல்ல வந்தார், வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். விடை எனக்கும் தெரியும், புத்தகத்தில் பார்த்துவிட்டேன். இருந்தாலும் நீ முதலிலிருந்து மெதுவாகச் சொல்லிக் கொடு, நான் வைக்கிறேன் என்று சொல்லமாட்டேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா சுதா