நாற்பத்தோராவது இடர்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் முதல் பங்கு வெளியீட்டுக்கான ஐ.பி.ஓ. ஆவணத்தில் ‘இடர்கள்’ அத்தியாயத்தை இன்று மறுபடி சரிபார்த்தேன். மொத்தம் நாற்பது. மூலப்பொருள் விலை ஏறலாம், பெரிய வாடிக்கையாளர் விலகலாம், தீ விபத்து நேரலாம். கம்பெனி செகரட்டரி என்ற முறையில் எல்லாம் நான் எழுதியவை. லிஃப்டுகளுக்கு பிரேக் செய்கிற கம்பெனி இது. பிரேக் பிடிக்காமல் போகலாம் என்று மட்டும் ஓர் இடத்திலும் இல்லை.

காலை பதினொரு மணிக்கு அலுவலகப் படிக்கட்டில் காலடிச் சத்தம். நான்காவது மாடி வரை வந்தது. நின்றுவிட்டது.

எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். யாருமில்லை.

மார்ச் 5, புதன்

எழுதிவிட்டால் போய்விடுமோ என்று எழுதுகிறேன்.

காது சார் எங்கள் சோதனைப் பிரிவின் தலைவர். எந்த இயந்திரத்திலும் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார், அதனால் அந்தப் பெயர். ஜனவரியில் ஓர் அறிக்கையோடு என் மேஜைக்கு வந்தார். போன வருடம் புது இடத்தில் மலிவாக வாங்கிய ஸ்பிரிங்குகள் சூட்டில் தளர்கின்றன. பல நூறு லிஃப்டுகளில் மாட்டியாகிவிட்டது, எங்கள் அலுவலக லிஃப்ட் உட்பட. “இதை அந்தப் புத்தகத்துல போடணும்மா. பணம் போடுறவங்களுக்குத் தெரிய வேணாமா?”

எம்.டி.யிடம் கொண்டுபோனேன். “இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. முதல்ல ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆகட்டும், அப்புறம் சத்தமில்லாம மாத்திடலாம். இப்பக் கிளப்பினா எல்லார் வயித்துலயும் அடிச்ச மாதிரி ஆயிடும்.” எல்லோருக்கும் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். டிரைவருக்கும். எனக்கும்தான்.

திரும்பி வந்து காது சாரிடம், “பார்க்கலாம் சார்” என்றேன். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவர் லிஃப்டில் ஏறவே இல்லை. ஆறு மாடியும் படிதான். ஏற்கெனவே பலவீனமான இதயம். மூன்றாவது வாரம், நான்காவது மாடித் திருப்பத்தில் விழுந்தார். ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட நான் லிஃப்டில் இறங்கி ஓடினேன். லிஃப்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரி போவதற்குள் அவர் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள், இப்போது விருப்ப ஓய்வு. கைக்கு வந்ததில் ஒரு பகுதியை எங்கள் கம்பெனிப் பங்கில் போடப் போகிறாளாம்.

“நீ இருக்கிற கம்பெனி. இதைவிட என்ன வேணும்?”

“நான் இருக்கேங்கிறது ஒரு காரணமாக்கா? வரைவு ஆவணம் இணையத்துல இருக்கு. மொதல்ல அதைப் படி.”

“நானூறு பக்கமா!” என்றாள். ஆனால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். படித்துவிடுவாள். அவள் குணம் எனக்குத் தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

மறுபடி அதே நேரம். நான்காவது மாடி. நின்றது.

வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம் கேட்டேன், யாராவது படியேறி வந்தார்களா என்று. சிரித்தாள். “படியில யாரு மேடம் வரப்போறாங்க? அதான் லிஃப்ட் இருக்கே.”

மார்ச் 19, புதன்

அக்காவின் போன். முழுதும் படித்துவிட்டாள்.

“ஏண்டி, இந்தப் பணத்துல முக்கால்வாசி கம்பெனிக்கே போகலையே. முதலாளி குடும்பம் தன் பங்கை வித்து எடுத்துக்கிட்டுப் போகுது. நல்லா ஓடுற கடையை எதுக்கு விக்கிறாங்க?”

“அது சட்டப்படி சரிதான்க்கா.”

“சட்டத்தை யார் கேட்டா? சரி, மூணு வருஷம் ஒரே மாதிரி இருந்த லாபம் போன வருஷம் மட்டும் ஏன் குதிச்சுது? மூலப்பொருள் செலவைக் குறைச்சோம்னு போட்டிருக்கு. எதுல குறைச்சாங்க?”

உள்விஷயம் வெளியே பேசக்கூடாது என்ற விதி நல்ல சாக்காக இருந்தது.

“இன்னொண்ணு. அதிகாரிகள் பட்டியல்ல சோதனைப் பிரிவுத் தலைவர் பதவி காலின்னு இருக்கு. அந்த ஆள் எங்க போனாரு?”

மார்ச் 20, வியாழன்

எங்கேயும் போகவில்லை. அதுதானே பிரச்சினை.

மார்ச் 24, திங்கள்

காது சாரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். கணவருக்கு ஒதுக்கிய பங்குகள் குடும்பத்துக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். “எப்பம்மா லிஸ்ட் ஆகும்? பொண்ணு நல்ல காலேஜ்ல இடம் வாங்கியிருக்கா. அந்தப் பங்குப் பணத்தை நம்பித்தான் சேக்கிறோம்னு சொல்லியிருக்கேன்.”

ஏப்ரலில் என்றேன்.

நான் வாயைத் திறந்தால் இந்தக் குடும்பத்துக்கு அந்தப் பணம் இல்லை. திறக்காவிட்டால் — யார் யாரோ, எந்தெந்தக் கட்டடத்திலோ. யாருடைய முகம் பெரிது? பார்த்த முகமா, பார்க்காத முகங்களா?

புறப்படும்போது, “படியில போலாமே, நான் கூட வரேன்” என்றேன்.

“ஏம்மா, முட்டி வலி எனக்கு” என்று லிஃப்டில் ஏறிக்கொண்டார்.

கதவு மூடிய பிறகு அதில் காதை வைத்து நின்றேன். ஐந்து, நான்கு, மூன்று. தரைத்தளத்தில் மணி அடிக்கும்வரை நகரவில்லை. டிரைவர் பார்த்துக்கொண்டே போனார்.

மார்ச் 27, வியாழன்

இறுதி ஆவணத்தில் கையெழுத்து நாள். வெளியீட்டை நடத்தும் வங்கியின் வக்கீல் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். கடைசியில் உறுதிமொழி: எதுவும் மறைக்கப்படவில்லை.

எம்.டி. போட்டார். பேனா என்னிடம் வந்தது.

அப்போது படியில் சத்தம். நான்காவது மாடியில் நிற்கவில்லை. ஐந்து. ஆறு. நடைபாதை. அறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் நெஞ்சு அடித்ததுதானோ என்னவோ. தெரியாது, சத்தியமா தெரியாது.

பேனாவை மூடி வைத்தேன். “நாப்பத்தொண்ணு இருக்கு சார்” என்று காது சாரின் அறிக்கையை வக்கீலிடம் நீட்டினேன்.

“உங்களுக்கு என்ன பைத்தியமா?” என்றார் எம்.டி. பிறகு, “உனக்கு என்ன கேடு செஞ்சோம்?”

வக்கீல் அறிக்கையைப் பிரித்தார். முதல் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். தன் சகாக்களைப் பார்த்து, “இன்னிக்கு வேணாம்” என்றார்.

ஏப்ரல் 2, புதன்

வெளியீடு கைவிடப்பட்டது. பேப்பரில் ஸ்பிரிங் விஷயமும் வந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் நான் உட்கார்ந்த மேஜையிலிருந்து மூன்று பேர் எழுந்து போனார்கள். “நல்லா இருங்க மேடம்” என்றார் டிரைவர். அவர் சொன்ன விதத்துக்கு நேராகவே சபித்திருக்கலாம்.

ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

ஸ்பிரிங்குகளை மாற்ற ஆரம்பித்துவிட்டார்களாம். எல்லா ஊரிலும்.

தூக்கம் வரவில்லை. நல்லது செய்தவளுக்கு வரவேண்டாமா?

ஜூன் 15, ஞாயிறு

காது சாரின் மனைவி வீடு தேடி வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். காபி கொடுத்தேன், குடித்தார். மகள் பக்கத்திலேயே ஒரு சின்னக் கல்லூரியில் சேர்கிறாளாம்.

“பங்கைப் பத்திக் கேக்க வரல. பேப்பரைப் படிச்சப்புறம்தான் அவரு ஏன் படியேறினாருன்னு புரிஞ்சுது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உங்ககிட்டச் சொன்னாரா?”

சொன்னேன். அவர் அறிக்கையோடு வந்தது, எம்.டி. பேசியது, நான் அவருக்குச் சொன்ன பதில். எதையும் விடவில்லை.

“அது என்னிக்கு?”

“ஜனவரி இருபது.”

விரல்விட்டு எண்ணினார். “அப்ப அவரு போற வரைக்கும் பதினெட்டு நாள் நீங்க சும்மா இருந்திருக்கீங்க.”

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை.

“ஆமா” என்றேன்.

தம்ளரை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.