மத்தியானக் கஞ்சி

மே 12, திங்கள்
கத்திரி வெயில். காலை எட்டுக்கே தகரக் கூரையைத் தொட முடியவில்லை. கடல் இருக்கிற ஊர் என்று பேர்தான், காற்று ஒரு பொட்டு இல்லை.

செவலை செத்து இன்று நாலாம் நாள். நிறைசினைப் பன்றி, வயிற்றுக் குட்டிகளோடு போனாள். அவள் கிடந்த இடத்தை முருகன் (கொட்டகை வேலைக்கு வருபவர்) கழுவிச் சுண்ணாம்பு போட்டார். அடுத்த தடுப்பில் கறுப்பி. அவளும் சினை, வாரக் கடைசியில் போடுவாள். சில நாளாகவே தீனி குறைவு, இன்று தொடவேயில்லை. மூச்சு எண்ணினேன், நிமிடத்துக்கு எழுபது. சாதாரண நாளில் முப்பதைத் தாண்டாது.

சாப்பிடும்போது வீட்டுக்காரர், "இதுவும் போச்சுன்னா கொட்டகைய மூடிட்டு பிரான்ஸுக்கு பொண்ணுகிட்ட போயிடலாம்." பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பேசினால் உத்தரவுதான். அங்கே போய் நான் யாருக்கு என்ன செய்வேன்? நானாக உண்டாக்கியது இந்தக் கொட்டகை ஒன்றுதான்.

வாங்க: ரப்பர் குழாய், சாக்கு ஆறு, தலைவலித் தைலம்.
காலையில் வாங்கிய நீள ரொட்டி மூன்றில் ஒன்று காணோம். பத்து நாளாக இதே கதை. எலி முழு ரொட்டியையா தூக்கும்?

மே 13, செவ்வாய்
கறுப்பி இன்றும் பட்டினி. மனசு கேட்கவில்லை. செவலைக்குச் செய்ததுபோலவே மத்தியானம் குருணைக் கஞ்சியில் வெல்லம் கரைத்து எடுத்துப் போனேன். "ரெண்டு வாய் குடிடி, என் ராசாத்தி." பாதிச் சட்டி இறங்கியது. அப்பாடா என்றிருந்தது.

மூன்று மணி. மூச்சு நூற்றுப் பத்து. வாயில் நுரை.  முருகன் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தார். கறுப்பி கழுத்தில் ஈரச் சாக்கு. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன். நாளைக் காலை வருகிறாராம். "அதுவரைக்கும் நனச்சிகினே இருங்க. தீனி வாணாம்."

மே 14, புதன்
டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வந்ததும் கேட்டது, "மத்தியானம் என்ன குடுத்தீங்க?"
கஞ்சி என்றேன். முகம் மாறிவிட்டது.

"பன்னிக்கு நம்மள மாதிரி வேர்க்காதும்மா. தின்னது செரிக்கறதுலயே ஒடம்புல சூடு கெளம்பும். அதனாலதான் அதுவா தீனிய கொறைக்குது. சூட்ட வெளிய தள்ள ரத்தம் தோலுக்கு ஓடுது, கொடலுக்கு பத்தறதில்ல. அந்த நேரத்துல கஞ்சி ஊத்தினா எரியற அடுப்புல இன்னும் வெறகு வெச்ச மாதிரி."

பாதியில் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று கேட்டார். 

பட்டினி கிடந்தால் கொழுப்பு கரையுமே என்று நான் கேட்டேன். "மத்த நாள்ல கரையும். இந்த சூட்டுல கொழுப்ப அவ்வளவா தொடாது, சதையத்தான் கரைக்கும்."

அதனால் முழுப் பட்டினியும் கூடாதாம். இனி தீவனம் விடியல் ஐந்துக்கு, வெயில் தாழ்ந்து ஏழுக்கு. நடுவில் தண்ணீர் மட்டும்.

டாக்டரம்மா வண்டி போனதும் நாளை எண்ணிப் பார்த்தேன். செவலைக்கு மூன்று மத்தியானம் ஊட்டினேன். நான்தான் கொன்றேன்.

செவலைக்கு ஊட்டியதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் இந்த ஊர் வெயிலுக்குப் பன்றி தாங்காது என்பார். சொன்னால் உனக்கு வளர்க்கத் தெரியவில்லை என்பார். எப்படியும் பூட்டுதான்.

மே 15, வியாழன்
விடியலில் கறுப்பி கொஞ்சம் தின்றாள். பன்னிரண்டுக்கு மூச்சு எண்பது. என் காலடி கேட்டதும் மூக்கை நீட்டுகிறாள். சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமா!
முருகன்: "பட்டினி போட்டே சாவடிச்சிடுவீங்க போல கீதே, அக்கா." கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.
மூன்றுக்கும் எண்பது. ஏறவில்லை.
ரொட்டி மூன்றும் மேசையில். எலி ஊரை விட்டுப் போயிற்று போல.

மே 16, வெள்ளி
காலை ஆறு. மூன்று குட்டி வந்துவிட்டது. இன்னும் முக்குகிறாள்.

எட்டரை. மொத்தம் ஒன்பது. ஒன்றுக்கு உயிரில்லை. எட்டும் பால் குடிக்கின்றன. கறுப்பியின் மூச்சு அறுபது. அழுதேன்.

வீட்டுக்காரரும் வந்து நின்றார். இதற்குமேல் அடக்க முடியவில்லை. "செவலைய வெயில் மட்டும் கொல்லலைங்க. மத்தியானத்துல நான் கஞ்சி ஊட்டினேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். குட்டிகளைப் பார்த்தபடியே சொன்னார்:

"மத்தியானத்துல நீ வீட்டுக்கு போனப்புறம் நான் ரொட்டி குடுத்தேன். பால்ல ஊறவெச்சி. செவலைக்கும் இவளுக்கும். பட்டினி கெடக்குதுங்களேன்னு."

ஒன்பது மணி. வெயில் ஏறுகிறது. அவர் சாக்கு நனைக்கிறார்.