ஒரே புரதம், இரண்டு கதை

ஜனவரி 9

அன்புள்ள குட்டச்சிக்கு,

நீ விருது வாங்கும் புகைப்படத்தைப் பார்த்தேன். நான் கொடுத்த கம்மலைத்தானே போட்டிருந்தாய்? எங்கள் ஆய்வகத் தலைவர் அந்தப் படத்தை எல்லாரிடமும் காட்டி, “வேலைன்னா இது!” என்றார். உனக்கு விருது தந்த அதே புரதத்தோடு நானும் ஆறு வருடமாக மல்லுக்கட்டுவது அவருக்கு மறந்தே போயிற்று. செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, புற்றை வளர்க்கும் மரபணுக்களை அது பூட்டிவைக்கிறது என்று நீ ஒரு வரியில் சொல்லிவிட்டாய். உலகமே கை தட்டுகிறது. வயிறு எரிகிறதடி. சிரித்துக்கொண்டே எழுதுவதாக நினைத்துக்கொள்.

நெட்டை

ஜனவரி 27

என் அருமை நெட்டைக்கு,

நன்றாக எரியட்டும்! கல்லூரியில் நீ முதலாவதாக வந்தபோதெல்லாம் எனக்கு எரியவில்லையா? உன் செல்களில் அந்தப் புரதம் என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நீயோ மழுப்புகிறாய்.

ஒரு செய்தி. என் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி செல்களில் இல்லாத வகை. அந்தப் புரதத்தைக் கூட்டும் மாத்திரையை இங்கே சோதனையாகக் கொடுக்கிறார்கள். இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறாள். “நெட்டைகிட்ட சொல்லாதே, அழுவா” என்றாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

குட்டச்சி

பிப்ரவரி 4

குட்டச்சி,

காலையில் போனில் “மாத்திரையை நிறுத்து” என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். காரணத்தை இதில் எழுதுகிறேன்.

நீ பார்த்தவை ஏற்பி உள்ள செல்கள். ஏற்பி இல்லாதவற்றில் அதே புரதம் அந்த மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. கட்டி இன்னும் வேகமாக வளர்கிறது. சோதனைப் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மழைக்காலத்திலேயே கிடைத்த முடிவு இது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், மாறவில்லை. உன்னை மறுக்கும் கட்டுரையாக என் பெயரில் வரட்டும் என்று பொத்திவைத்தேன். நீ மேடையில் பதில் சொல்ல முடியாமல் நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று தெரியாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

விடுதியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் பஸ் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அக்கா. எப்படி இருக்கிறாள்?

நெட்டை

மார்ச் 19

நெட்டைக்கு,

அன்றே நிறுத்தியாயிற்று. அந்த வகை நோயாளிகள் யாருக்கும் இப்போது கொடுப்பதில்லை. அக்காவின் கட்டி பெருத்திருக்கிறது. மாத்திரையாலா, தானாகவா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. வேறு சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள். முடி கொட்டிவிட்டது. “சீப்பு செலவு மிச்சம்” என்று சிரிக்கிறாள்.

உன் சோதனையை இங்கே செய்து பார்த்தேன். நீ சொன்னது சரி. ஒரு வகைச் செல்லை மட்டும் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசியது என் தப்பு. அதை என் கட்டுரை வந்த இதழுக்கு நானே எழுதி அனுப்பிவிட்டேன். உன் கட்டுரை உன் பெயரிலேயே வரட்டும்.

அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. முழுவதையும் கேட்டாள். பிறகு, “கடைசியிலயாவது சொன்னாளே, அது போதும்” என்றாள்.

அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. இனி எழுதாதே.

குட்டச்சி