மைலுக்கு ஐந்நூறு அடி

அனுப்புநர்
வடக்குக் குன்றில் மோதிய சரக்கு விமானத்தின் தலைமை விமானியுடைய மனைவி,
விமான ஊழியர் குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்
விமானப் பாதுகாப்பு இயக்குநர் அவர்கள்,
விமான நிலைய வளாகம்.

பொருள்: வடக்கு ஓடுபாதையில் கிளம்பும் விமானங்கள் குன்றைத் தாண்ட எவ்வளவு ஏறவேண்டும் என்பதை விமானிகள் தவறாகப் புரிந்துகொள்வது – என் கொழுந்தனாரை அப்பாதையில் பறக்கவிடாமல் நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

பார்வை: "விமானியின் தவறு, விசாரணை முடிந்தது" என்ற தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விஷயமாக நான் முன்பு எழுதியவை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன. நேரில் வந்தபோதெல்லாம் தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். தங்கள் வரவேற்பறை நாற்காலி மட்டும் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. இனி எழுதிப் பயனுண்டா என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

1. வடக்கு ஓடுபாதைக்கு நேரெதிரே குன்று உள்ளது. அதைத் தாண்ட, விமானம் ஒவ்வொரு மைலுக்கும் ஐந்நூறு அடி ஏறவேண்டும் என்று புறப்பாட்டு வரைபடம் சொல்கிறது. விமானியின் முன்னாலிருக்கும் கருவியோ நிமிடத்துக்கு எத்தனை அடி என்றுதான் காட்டும். ஒரு நிமிடத்தில் விமானம் மூன்று மைல் போய்விடுகிறது. ஆகவே கருவியில் ஆயிரத்து ஐந்நூறு தெரியவேண்டும்.

2. என் கணவரின் கருவியில் தொள்ளாயிரம் இருந்ததாகத் தங்கள் அறிக்கை கூறுகிறது. கேட்டது ஐந்நூறு, ஏறுவது தொள்ளாயிரம் என்று நிம்மதியாக இருந்திருப்பார். கால் கிலோ தக்காளி வாங்கிவரச் சொன்னால் அரைக் கிலோ வாங்கிவருகிற மனிதர், ஐயா. மேகத்துக்குள் குன்று தெரியவில்லை. இன்னும் வேகமாக மேலே ஏற எஞ்சினில் சக்தி மீதமிருந்தது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்த வரியைப் படித்த அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து கத்தி அழுதேன்.

3. அவர் ஒருவரின் தவறு என்று முடித்துவிட்டீர்கள். துக்கம் விசாரிக்க வந்த சக விமானிகள் எங்கள் கூடத்திலேயே, வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்து, தேநீர் ஆறிப்போகும்வரை இதைப் பற்றி வாதாடினார்கள். ஒருவர் நிமிடத்துக்கு ஐந்நூறு போதும் என்றார். இன்னொருவர், அது எஞ்சின் ஒன்று நின்றுபோனால் மட்டும் பார்க்கவேண்டிய கணக்கு என்றார். மூன்றாமவர், கட்டுப்பாட்டு அறை மேலே ஏறச் சொன்னதுமே வரைபடத்தின் நிபந்தனை போய்விடும் என்று அடித்துச் சொன்னார். மூன்றுமே தவறு. மூவரும் அதே ஓடுபாதையில்தான் இன்றும் கிளம்பிப் போகிறார்கள். இதுவும் ஒருவரின் தவறா?

4. என் கணவரின் தம்பியும் அதே நிறுவனத்தில் விமானி, எங்களோடுதான் இருக்கிறார். அப்பா போனபிறகு என் மகள் சித்தப்பா ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள். அவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "அண்ணி, இத்தனை வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா? ஐநூறுன்னா ஐநூறுதான். அண்ணனுக்கு நேரம் சரியில்ல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போனார். அவருடைய அண்ணனும் இதே குரலில்தான் "எனக்குத் தெரியாதா" என்பார். என் மாமியார் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஆகவே, எந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று வரைபடத்திலேயே அச்சிட வேண்டுகிறேன். ஒவ்வொரு விமானியையும் அதைத் தன் வாயால் சொல்லவைத்துக் கேட்டபிறகே கிளம்பவிட வேண்டுகிறேன். இவை நடக்க நாளாகும் என்று அறிவேன். நடக்காமலே போகலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் வரும் வியாழக்கிழமை அந்த ஓடுபாதையில் கிளம்பும் விமானத்துக்கு என் கொழுந்தனார் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அதை மட்டுமாவது நீக்குங்கள். காரணம் கேட்டால், அண்ணிதான் புகார் கொடுத்தாள் என்றே சொல்லிவிடுங்கள். அவர் என் முகத்தில் விழிக்கமாட்டார், வீட்டைவிட்டும் போய்விடுவார். குழந்தைக்கு நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. பரவாயில்லை. எங்கேயாவது ஒரு வீட்டில் என்னைத் திட்டிக்கொண்டு உயிரோடு இருக்கட்டும், ஐயா.

இடம்: விமான ஊழியர் குடியிருப்பு
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
இறந்த விமானியின் மனைவி,
இருக்கும் விமானியின் அண்ணி.